பழைய சான்ட்ரோவில் ஸ்பீக்கர் மாற்றுவது: பணத்தை எங்கே செலவிட வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது: அப்பா 2009-இல் வாங்கிய சான்ட்ரோ ஜிங் இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. ஸ்டீரியோ மட்டும் இடையில் ஒருமுறை மாற்றப்பட்டுள்ளது. முன்கதவு ஸ்பீக்கர்கள் வண்டியோடு வந்தவை; ஒலியைச் சற்றுக் கூட்டினாலே கரகரக்கின்றன. பின்பக்கப் பார்சல் ட்ரேயில் (பின்னிருக்கைக்குப் பின்னால் உள்ள பலகையில்) "500 வாட்" ஓவல் ஸ்பீக்கர் ஜோடி ஒன்றைப் பொருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. டி. எம். சௌந்தரராஜன், பி. சுசீலா காலத்துப் பாடல்களும் இளையராஜாவின் 1980-களின் பாடல்களும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பது உங்கள் விருப்பம்.

ஓவல் வேண்டாம். அந்தப் பணம் முழுவதையும் இரண்டு முன்கதவுகளில் செலவிடுங்கள்; அதிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ஸ்பீக்கருக்கு அல்ல, கதவுக்கு ஒதுக்குங்கள். பழைய சிறிய காரில் ஒலி மோசமாக இருப்பதற்கு ஸ்பீக்கர் பாதிக் காரணம்தான். அது பொருத்தப்பட்டிருக்கும் கதவு மறுபாதி. கடைகளில் விற்பனைக்கு இருப்பது ஸ்பீக்கர் என்பதால் பேச்சு முழுவதும் அதைப் பற்றியே நடக்கிறது.

வாங்குவதற்கு முன் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்டீரியோவில் பேலன்ஸை முழுக்க இடப்பக்கமும் பிறகு முழுக்க வலப்பக்கமும் திருப்பி, ஃபேடரை (ஒலியை முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் பங்கிடும் அமைப்பை) முன்னுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு கதவாகக் கேளுங்கள். கரகரக்கும்போது உள்ளங்கையால் டோர் பேடை (கதவின் உட்புற உறையை) அழுத்திப் பிடித்தால் சத்தம் நிற்கிறது என்றால், பழுது ஸ்பீக்கரில் இல்லை. உடைந்த கிளிப் ஒன்றோ தளர்ந்த திருகு ஒன்றோ அதிர்கிறது. ஸ்பீக்கரைக் கழற்றிய பிறகு கூம்பின் நடுப்பகுதியை விரல்களால் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்திப் பாருங்கள். உரசும் சத்தம் கேட்டால், கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள் காந்தத்தின் இடைவெளிக்குள் உராய்கிறது. அந்த ஸ்பீக்கரின் ஆயுள் முடிந்துவிட்டது. மல்டிமீட்டர் வைத்திருந்தால் முனைகளுக்கு இடையிலான மின்தடையையும் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் பொதுவாக 3.2 முதல் 3.8 ஓம் வரை காட்டும். எண் ஓரிடத்தில் நிற்காமல் தாவினால் முனையிலோ சுருளிலோ இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. இந்த வயதுடைய கார்களில் நான் மிகுதியாகக் காண்பது கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் ஓர வளையம் வெடித்துப்போன நிலைதான். ஃபோம் வளையங்கள் நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடுகின்றன; ரப்பர் வளையங்கள் பல மடங்கு காலம் தாங்குகின்றன. புதிதாக வாங்கும்போது நீங்கள் பார்க்க வேண்டிய முதல் அம்சம் அது.

அடுத்து, அந்த "500 வாட்". அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் வாட் எண்ணுக்கும் காதுக்கு எட்டும் ஒலிக்கும் தொடர்பு கிடையாது. ஸ்பீக்கர் தானாக எந்த ஆற்றலையும் உருவாக்குவதில்லை. ஸ்டீரியோ கொடுப்பதைத்தான் ஒலியாக்குகிறது. உங்கள் ஸ்டீரியோவின் முகப்பில் "50 வாட் × 4" என்று எழுதியிருக்கும். எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். அதை வர்க்கப்படுத்தி 4 ஓமால் வகுத்தால் 51.8 வாட் வருகிறது. அந்த ஐம்பது பிறக்கும் இடம் இதுதான். ஒலியலை முற்றிலும் சிதைந்து சதுர அலையாக மாறி, ஒரு வோல்ட்கூட வீணாகாத, நடைமுறையில் இல்லாத ஒரு நிலையில் கிடைக்கும் எண் அது. சிதைவின்றி ஒலிக்கும்போது உள்ளே இருக்கும் சிறிய பெருக்கிச் சில்லு ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, ஏறத்தாழ 20 வாட் தருகிறது. சில மலிவான கருவிகளில் அதுவும் குறைவு. ஸ்டீரியோவின் பின்புறத்தில் இருக்கும் ஃப்யூஸைப் பார்த்தாலே இது விளங்கும். 10 ஆம்பியர் ஃப்யூஸ் என்றால் 14.4 வோல்ட்டில் கருவி உள்வாங்கக்கூடிய ஆற்றலே 144 வாட்தான். அதிலிருந்து 200 வாட் ஒலி வெளிவர வழியில்லை.

ஆகவே 20 வாட்டை வைத்துக்கொண்டு உரக்கவும் தெளிவாகவும் ஒலிக்கக்கூடிய ஸ்பீக்கரைத்தான் தேட வேண்டும். அதைச் சொல்லும் எண் சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் எத்தனை டெசிபல் என்பது அதன் பொருள். 3 டெசிபல் கூடுதலாக உள்ள ஸ்பீக்கர், அதே உரப்புக்குப் பாதி ஆற்றலே எடுத்துக்கொள்கிறது. 92 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் போதும் என்றால் 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு 80 வாட் வேண்டும். வண்டியோடு வந்த லேசான காகிதக் கூம்பு ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு விலையுயர்ந்த கனமான ஸ்பீக்கர்களைப் பொருத்தியவர்கள் பலர், "முன்பைவிடச் சத்தம் குறைந்துவிட்டதே" என்று திகைப்பதற்கு இதுவே காரணம்.

இந்த எண்ணிலும் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. சில நிறுவனங்கள் ஒரு வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட் கொடுத்து அளக்கின்றன. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது சரியாக ஒரு வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கோ இரண்டு வாட். ஆகையால் அப்படி அளந்த எண்ணிலிருந்து 3 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் மற்ற ஸ்பீக்கரோடு ஒப்பிட வேண்டும். வாட் எண்களில் "பீக்", "மேக்ஸ்" என்று எழுதியிருப்பவற்றை விட்டுவிட்டு "ஆர்.எம்.எஸ்." (தொடர்ந்து தாங்கும் ஆற்றல்) என்று எழுதியிருப்பதை மட்டும் படியுங்கள். உங்கள் பயன்பாட்டுக்கு ஆர்.எம்.எஸ். 40 முதல் 60 வாட், சென்சிடிவிட்டி 90 டெசிபலுக்கு மேல், மின்தடை 4 ஓம், ரப்பர் ஓர வளையம் என்ற நான்கும் பொருந்தினால் நல்ல தேர்வு. 2 ஓம், 3 ஓம் ஸ்பீக்கர்கள் உரக்க ஒலிப்பது உண்மைதான். ஆனால் உங்கள் ஸ்டீரியோ 4 ஓமுக்குக் குறையாத சுமைக்கு வடிவமைக்கப்பட்டதென்றால் அவை அதன் சில்லைச் சூடேற்றிப் பழுதாக்கலாம். ஸ்டீரியோவின் கையேட்டில் இது எழுதப்பட்டிருக்கும்.

கோஆக்சியலா, கம்போனென்டா என்ற கேள்விக்கு உங்கள் வண்டியைப் பொறுத்தவரை கம்போனென்ட் என்றே சொல்வேன். கோஆக்சியலில் ட்வீட்டர் (உயர்ந்த ஒலிகளுக்கான சிறிய ஸ்பீக்கர்) வூஃபரின் (தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய கூம்பின்) நடுவிலேயே அமர்ந்திருக்கும். கதவின் கீழ்ப்பகுதியில் அதைப் பொருத்தினால் ட்வீட்டரின் ஒலி உங்கள் முழங்காலை நோக்கிச் செல்கிறது. காதுக்கு வருவதற்குள் இருக்கையும் கால்களும் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. ஆறரை இன்ச் கூம்பில் உண்மையில் அசையும் பகுதியின் குறுக்களவு ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். 2,600 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமும் அதுவே. அதற்கு மேற்பட்ட ஒலிகள் எல்லாப் பக்கமும் பரவாமல் கூம்பின் நேர் எதிரே குவியத் தொடங்குகின்றன. பாடலில் சொற்கள் விளங்குவதற்கு மெய்யெழுத்துகளின் ஒலி தெளிவாகக் கேட்க வேண்டும்; அந்தத் தெளிவைத் தாங்குவது 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. சுசீலாவின் குரலில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே கேட்க வேண்டும் என்று விரும்புகிற ஒருவருக்கு, அந்தப் பகுதி முழங்கால் மட்டத்தில் தேங்கிவிடுவது பேரிழப்பு. கம்போனென்ட் தொகுப்பில் ட்வீட்டர் தனியாக இருப்பதால், பக்கக் கண்ணாடிக்கு உட்புறத்தில் உள்ள முக்கோணப் பிளாஸ்டிக்கிலோ அதற்கு அருகிலோ அதைப் பொருத்தி இருவர் முகங்களுக்கும் நடுவே நோக்கும்படி திருப்பிவிடலாம். பட்டுத்துணிக் குவிமாடம் கொண்ட ட்வீட்டரைத் தேர்ந்தெடுங்கள். உலோகக் குவிமாடங்கள் பழைய ஒலிப்பதிவுகளில் "ச", "ஸ" ஒலிகளைக் கூர்மையாக்கி, நீண்ட பயணத்தில் காதைக் களைப்படையச் செய்கின்றன என்பது என் அனுபவம். இதில் மாற்றுக் கருத்து உடையவர்களும் உண்டு.

இனி கதவு. வெறும் தோல் மட்டும் மிருதங்கம் ஆவதில்லை. பலாமரக் கட்டையின் மேல் இழுத்துக் கட்டிய பிறகுதான் அது நாதம் தருகிறது. ஸ்பீக்கருக்குக் கதவு அந்தக் கட்டை. கூம்பு முன்னோக்கி அசையும்போது காருக்குள் காற்றழுத்தம் கூடுகிறது. அதே கணத்தில் அதன் பின்புறத்தில் அழுத்தம் குறைகிறது. முன்புற அலையும் பின்புற அலையும் ஒன்றையொன்று சந்திக்க வழி இருந்தால் இரண்டும் அழிந்துபோகும். தாழ்ந்த ஒலிகளில் இந்த அழிவு மிகக் கடுமையாக இருக்கும். பழைய சிறிய கார்களின் கதவில் டோர் பேடைக் கழற்றிப் பார்த்தால், உட்புறத் தகட்டில் கையை நுழைக்கும் அளவுக்குப் பெரிய துளைகள் இருப்பதும், அவற்றின்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் மட்டுமே ஒட்டப்பட்டிருப்பதும் தெரியும். கண்ணாடி ஏற்றும் அமைப்பையும் பூட்டையும் பழுது பார்ப்பதற்காக விடப்பட்ட துளைகள் அவை. ஸ்பீக்கரின் பின்புற ஒலி அவற்றின் வழியே நேராக முன்னால் வந்துவிடுகிறது. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனியொரு குரலைப் போல நடந்து செல்வதை அறிவீர்கள். அந்தக் கருவியின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அதன் நடை பெரும்பாலும் 60 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் அமைகிறது. துளைகள் திறந்திருக்கும் கதவில் தொலைந்துபோவது சரியாக இந்தப் பகுதிதான். ஸ்பீக்கருக்கு எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் அந்தத் துளைகள் வழியே அது வீணாகிக்கொண்டுதான் இருக்கும்.

வேலை இவ்வாறு நடக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். கையால் சுற்றி ஏற்றும் கண்ணாடி என்றால் கைப்பிடியின் பின்னால் ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். ஒரு துணித் துண்டை இடுக்கில் செலுத்தி இருபுறமும் இழுத்தால் அது வெளியே வந்துவிடும். டோர் பேடைத் தாங்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் இத்தனை ஆண்டு வெயிலில் நொறுங்கும் நிலையில் இருக்கும். புதிய கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த விலைதான். ஸ்பீக்கர் மாற்றிய பிறகு கதவு முன்பைவிட அதிகமாகக் கடகடக்கிறது என்று வரும் புகார்களில் பல, உடைந்த பழைய கிளிப்புகளையே திரும்ப மாட்டியதால் வருபவை.

உள்ளே வெளிப்புறத் தகட்டின் உட்பக்கத்தைத் தூசியும் எண்ணெயும் போகத் துடைத்து, அலுமினியத் தாள் ஒட்டிய, அதிர்வை அடக்கும் பியூட்டைல் ரப்பர் டேம்பிங் ஷீட்டை உருளையால் நன்றாக அழுத்தி ஒட்டச் செய்யுங்கள். முழுத் தகட்டையும் மூட வேண்டியதில்லை. ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் உள்ள பகுதியும், விரலால் தட்டினால் தகர ஓசை எழும் பரந்த நடுப்பகுதியும் மூடப்பட்டால் போதும். விலை குறைவு என்பதற்காகத் தார் கலந்த ஷீட்டை வாங்காதீர்கள். மே மாத வெயிலில் நிறுத்தப்பட்ட காரின் கதவுத் தகடு தொட முடியாத அளவுக்குச் சூடாகிறது. தார் ஷீட் இளகி, வாடை வீசி, நாளடைவில் கழன்று கண்ணாடியின் பாதையில் விழுந்துவிடும்.

பிறகு உட்புறத் தகட்டின் துளைகள். பெரிய துளைகளின்மேல் டேம்பிங் ஷீட்டை மட்டும் இழுத்து ஒட்டினால் அது முரசுத்தோல் போல அதிரும். மெல்லிய அலுமினியத் தகட்டையோ கெட்டியான பிளாஸ்டிக் தகட்டையோ துளையின் வடிவுக்கு வெட்டித் திருகால் பொருத்தி, அதன் மேல் ஷீட்டை ஒட்டுவதே சரி. திருகில் பொருத்தினால் நாளை கண்ணாடி மோட்டாரோ பூட்டோ பழுதாகும்போது கழற்ற முடியும். பூட்டின் கம்பிகள் எதிலும் உரசாமல் அசைகின்றனவா என்று பாருங்கள். கதவின் அடி விளிம்பில் உள்ள வடிகால் துளைகளை எக்காரணம் கொண்டும் மூடக்கூடாது. மழைநீர் கண்ணாடியோரமாகக் கதவுக்குள் இறங்கி அந்தத் துளைகள் வழியே வெளியேற வேண்டும் என்பதுதான் அதன் அமைப்பு. மூடினால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். உட்புறத் தகடு முழுவதும் மூடப்படாத இடங்களில் பழைய பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒட்டிவிடுங்கள். அதைக் கிழித்து எறிந்துவிட்டால் அடுத்த வடகிழக்குப் பருவமழையில் காலடிக் கம்பளம் நனைந்திருக்கும்.

ஸ்பீக்கரின் அளவை இணையத்தில் பார்த்து வாங்க வேண்டாம். ஒரே பெயரில் பல ஆண்டுகள் விற்ற கார்களில் வகைக்கு வகை துளைகள் வேறுபடுகின்றன. உங்கள் கதவின் துளையின் குறுக்களவையும், திருகுகளுக்கு இடையிலான தூரத்தையும் நீங்களே அளந்துகொள்ளுங்கள். ஆழம் மிக முக்கியம்: கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் அமரும் தளத்துக்கும் கண்ணாடிக்கும் இடையிலான தூரத்தை அளக்க வேண்டும். காந்தம் கண்ணாடியில் இடித்தால் வளையம் ஒன்றை வைத்து ஸ்பீக்கரை முன்னுக்குக் கொண்டுவரலாம். அந்த வளையம் எம்.டி.எஃப். மரத்தூள் பலகையில் செய்ததாக இருந்தால் இரண்டு மழைக்காலத்தில் உப்பிப் பிளந்துவிடும். கெட்டிப் பிளாஸ்டிக் வளையமே நம் ஊருக்கு ஏற்றது. வளையத்துக்கும் தகட்டுக்கும் இடையே காற்று கசியாதபடி ஃபோம் பட்டை ஒட்டுங்கள். அதே போல, ஸ்பீக்கரின் முன் விளிம்பைச் சுற்றி இன்னொரு தடித்த ஃபோம் வளையம் ஒட்டி, டோர் பேடின் வலைப்பகுதியோடு அது அழுந்தி நிற்கும்படி செய்ய வேண்டும். இதைப் பெரும்பாலான கடைகளில் செய்வதில்லை. செய்யாவிட்டால் ஒலியின் ஒரு பகுதி டோர் பேடுக்குப் பின்னாலேயே சுற்றிக்கொண்டு, குரலை மங்கச் செய்யும். சில ரூபாய் மதிப்புள்ள அந்தப் பட்டை தரும் தெளிவை, இரு மடங்கு விலையுள்ள ஸ்பீக்கராலும் தர இயலாது.

பழைய ஒயரை மாற்ற வேண்டும் என்று சொல்வார்கள். நல்ல நிலையில் இருந்தால் தேவையில்லை. அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.034 ஓம். ஸ்டீரியோவிலிருந்து கதவு வரை மூன்று மீட்டர் என்றால் போய்வர ஆறு மீட்டர், 0.2 ஓம். 4 ஓம் ஸ்பீக்கரோடு ஒப்பிட்டால் இழப்பு அரை டெசிபலுக்கும் குறைவு, காதுக்குப் புலப்படாது. கம்பியின் தடிமனைவிட இணைப்புகளின் தரத்தையே கவனிக்க வேண்டும். ஒயரைச் சீவி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் வழக்கம் இந்த வெப்பத்தில் நிலைக்காது. பசை உருகி டேப் அவிழ்ந்துவிடும். ஈயப்பற்று வைத்து வெப்பத்தில் சுருங்கும் குழாயால் மூடச் சொல்லுங்கள், அல்லது உரிய கப்ளரை வாங்கி வண்டியின் மூல ஒயரை வெட்டாமல் இணைக்கச் சொல்லுங்கள். கதவின் கீல் அருகே உள்ள ரப்பர் குழாயில் ஒயர் மடிந்து மடிந்து உள்ளே அறுந்திருக்கலாம். கதவைத் திறந்து மூடும்போது ஒலி விட்டு விட்டு வந்தால் அங்கே பாருங்கள்.

இரண்டு ஸ்பீக்கர்களிலும் பாசிட்டிவ், நெகட்டிவ் ஒரே திசையில் இருப்பது இன்றியமையாதது. 1.5 வோல்ட் பேட்டரி செல்லின் முனைகளை ஸ்பீக்கர் ஒயரில் ஒரு நொடி தொட்டால், பாசிட்டிவ் பாசிட்டிவுடன் சேர்ந்திருக்கும்போது கூம்பு வெளிப்பக்கம் நகரும். இதைச் செய்யும்போது ஒயர் ஸ்டீரியோவிலிருந்து கழற்றப்பட்டிருக்க வேண்டும். ட்வீட்டரில் இந்தச் சோதனை வேண்டாம். ஒன்று மட்டும் தலைகீழாக இருந்தால் ஒலி வரும். ஆனால் பேஸ் காணாமல் போகும், குரல் எங்கிருந்து வருகிறது என்றே சொல்ல முடியாது. உங்களுக்குப் பிடித்த 1960-களின் திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோ பதிவுகள். இரண்டு பக்கமும் ஒரே ஒலி. ஆகையால் அவற்றைக் கொண்டே இதைச் சோதித்துவிடலாம். பேலன்ஸ் நடுவில் இருக்க, காருக்குள் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தலையை வைத்துக் கேட்டால் குரல் டாஷ்போர்டின் நடுவில் ஓரிடத்தில் நிற்க வேண்டும். சிதறினால் ஒரு பக்கத்தின் இணைப்பை மாற்றிப் பாருங்கள்.

பார்சல் ட்ரே ஓவலை ஏன் இத்தனை உறுதியாக மறுக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஹேட்ச்பேக்கின் ட்ரே ஒரு லேசான அட்டைப் பலகை; இரு பக்கங்களிலும் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் இருக்கைக்கும் இடையே, டிக்கிக் கதவுக்கும் இடையே, எங்கும் இடைவெளி. கதவின் துளைகளைப் பற்றி மேலே சொன்ன அழிவு இங்கே அதைவிடப் பெரிய அளவில் நடக்கும். "பூம்" என்று ஒரே சுருதியில் அதிர்வது பேஸ் அல்ல. அது பலகையின் அதிர்வு. பாட்டுப் பாடுபவர் உங்கள் பிடரிக்குப் பின்னால் நின்று பாடுவது இயல்பாகப் பாட்டுக் கேட்கும் அனுபவமும் அல்ல. இவை எல்லாவற்றையும்விட, கனமான காந்தம் கொண்ட இரண்டு ஓவல்கள் கட்டப்படாத ஒரு பலகையில், பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் குழந்தைகளின் தலைக்குப் பின்னால் இருக்கும். வண்டி எதன்மீதாவது மோதி நின்றால் அவை நிற்காமல் முன்னோக்கிப் பாயும். உங்கள் வண்டியில் அப்படி எதையும் வைக்காதீர்கள்.

பின்கதவுகளில் ஏற்கெனவே ஸ்பீக்கர் இருந்தால் அப்படியே விடுங்கள். ஃபேடரை முன்பக்கம் நகர்த்தி, பின்னால் ஒலிப்பது தனியாகத் தெரியாத அளவுக்குக் குறைத்துவிட்டால் போதும்.

ஆம்ப் (ஸ்டீரியோவுக்கு வெளியே வைக்கும் தனிப் பெருக்கி) பற்றிக் கேட்கவில்லை என்றாலும் ஒரு வார்த்தை. முதலில் மேலே சொன்னபடி செய்து சில வாரங்கள் கேளுங்கள். நெடுஞ்சாலையில் கண்ணாடிகளை ஏற்றிய பிறகும் ஒலி போதவில்லை என்றால், டாஷ்போர்டுக்குப் பின்னாலேயே அடங்கும் கிளாஸ்-டி வகைச் சிறிய ஆம்ப் ஒன்றை, சேனலுக்கு 40 அல்லது 50 வாட் ஆர்.எம்.எஸ். தருவதாகப் பார்த்து வாங்கலாம். சி.டி.ஏ.-2006 என்ற தரநிலையின்படி அளந்த எண் பெட்டியில் இருந்தால் நம்பலாம், 14.4 வோல்ட், 4 ஓம், ஒரு விழுக்காட்டுக்கு மேற்படாத சிதைவு என்ற நிபந்தனைகளில் அளக்கப்பட்ட எண் அது. ஆம்புக்கான மின் ஒயரைப் பேட்டரியிலிருந்து நேரடியாக எடுக்க வேண்டும். பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஃப்யூஸ் இல்லாத ஒயர் தகட்டில் உரசித் தோல் உரிந்தால் தீப்பிடிக்கும். ஒயர் வாங்கும்போது கத்தியால் ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனில் அதன் தாங்கும் திறன் குறைவு.

பொருத்திய பிறகு ஸ்டீரியோவின் அமைப்புகளுக்குள் செல்லுங்கள். பேஸ் பூஸ்ட், லவுட்னஸ் இரண்டையும் அணைத்துவிடுங்கள். தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் ஹை-பாஸ் ஃபில்டர் இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். கதவு ஸ்பீக்கரால் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே பயனுள்ள எதையும் ஒலிக்க இயலாது. அந்த ஆற்றலைக் கொடுப்பதால் கூம்பு வீணாகத் துள்ளிக் குரலையும் கலங்கடிக்கும். அதை நிறுத்தினால் பேஸ் குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும் பேஸ் கிட்டாரின் நடையும் முன்பைவிடத் தனித்துக் கேட்கும். டைம் அலைன்மென்ட் (அருகிலுள்ள ஸ்பீக்கரின் ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்தும்) வசதி இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஓட்டுநர் வலப்புறம் அமர்வதால் வலப்பக்க ஸ்பீக்கர் உங்கள் காதுக்கு மிக அருகில் இருக்கிறது. இரண்டுக்கும் தூர வேறுபாடு 50 சென்டிமீட்டர் என்றால், ஒலி ஒரு மில்லிநொடியில் 34 சென்டிமீட்டர் செல்வதால், வலப்பக்கத்தை ஏறத்தாழ 1.5 மில்லிநொடி தாமதப்படுத்த வேண்டும். குரல் வலக் கதவிலிருந்து விலகி டாஷ்போர்டின் மேல் வந்து நிற்பதை உடனே உணர்வீர்கள். ஈக்வலைசரில் எதையும் உயர்த்துவதைவிட, உறுத்தும் பகுதியைக் குறைப்பது நல்லது. சிறிய காரில் முன்கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒலியால் 2,500 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை உறுத்தக்கூடும். அங்கே இரண்டு டெசிபல் குறைத்துப் பாருங்கள்.

பாடல் கோப்புகளையும் சரிபாருங்கள். பலமுறை சுருக்கப்பட்டுக் கைமாறி வந்த கோப்புகளில் வயலின்களும் ஜால்ராவும் தண்ணீருக்குள் ஒலிப்பது போலக் கேட்கும். பழைய ஸ்பீக்கர் அதை மறைத்துக்கொண்டிருந்தது, புதியது மறைக்காது.

சென்னையில் இருக்கிறீர்கள் என்பதால் கார் உபகரணக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் தேடுவீர்கள். கடையைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைக் கேட்பதற்கு முன், "உட்புறத் தகட்டின் துளைகளை எதைக் கொண்டு மூடுவீர்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லி, ஒரு கதவுக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் என்று சொல்பவரிடம் வண்டியைக் கொடுங்கள். அரை மணியில் இரண்டு கதவையும் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் வேண்டாம். வேலை நடக்கும்போது அருகில் இருங்கள், டோர் பேடை மாட்டுவதற்கு முன் உட்புறத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் கண்ணாடியை முழுவதும் ஏற்றி இறக்கிப் பாருங்கள், உள்ளும் புறமும் பூட்டித் திறந்து பாருங்கள், கதவை ஓங்கிச் சாத்திப் பாருங்கள். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கண்ணாடியின் வெளிப்புறத்தில் குழாய்த் தண்ணீரைச் சில நிமிடங்கள் பாய்ச்சிவிட்டு, கதவின் அடியிலிருந்து நீர் சொட்டுகிறதா, உள்ளே காலடிக் கம்பளம் உலர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். நீர் சொட்டவில்லை என்றால் வடிகாலை மூடிவிட்டார்கள். கம்பளம் ஈரமானால் பிளாஸ்டிக் தாள் சரியாக ஒட்டப்படவில்லை. இரண்டில் எது நடந்தாலும் அன்றே திரும்பக் கொண்டுபோய்ச் சரிசெய்யச் சொல்லுங்கள்.